ஆட்டுக்கு பிபி மெஷின் வேணாம், கண் இமையைப் புரட்டிப் பாருங்க

போன கார்த்திகை அடைமழை விட்டு வெயில் தலைகாட்டின மறுநாள் நடந்தது இது. பட்டியில ஒரு பெட்டை ஆடு, நல்லா மேஞ்சுட்டுதான் இருந்துச்சு, கழிச்சல் கிடையாது, புழுக்கை உருண்டையாத்தான் விழுது, அதனால சந்தேகமே வரல. மருந்து குடிப்பாட்டலாம்னு பிடிக்கப் போனேன், அது ஓட நான் துரத்த, நாப்பதடி ஓடியிருக்கும், முன்னங்கால் மடிஞ்சு விழுந்துச்சு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல. வாயைப் பிரிச்சா ஈறு சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கு.

காரணம் ஹீமான்கஸ்னு ஒரு ரத்தம் குடிக்கிற புழு. ஆட்டோட நாலாவது வயித்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் நீளம். ஒரு புழு ஒரு நாளைக்கு சுமார் 0.05 எம்எல் ரத்தம் காலி பண்ணும். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கா, ஆயிரம் புழு இருந்தா தினம் 50 எம்எல், டீக்கடை சின்ன கிளாஸ்ல பாதி. 20 கிலோ ஆட்டுக்கு மொத்த ரத்தமே ஒண்ணரை லிட்டர்கிட்டதான்.

இதுல பிபி எங்க வருதுன்னா, ரத்தம் மெதுவா குறையும்போது உடம்பு சமாளிச்சுக்கும். சதையில இருக்குற நீரை இழுத்து ரத்தக்குழாய்க்குள்ள விடும், நெஞ்சு வேகமா துடிக்கும், தோலுக்குப் போற குழாய்களைச் சுருக்கிக்கும். அதனால அந்த நேரம் நீங்க மெஷின் வச்சு அளந்தாலும் பிபி ஏறக்குறைய சரியாத்தான் காட்டும், ரத்தம் தண்ணியா இருக்குறது மட்டும் அதுல தெரியாது. கையிருப்பு எல்லாம் தீந்த நிலைமையில துரத்தினாலோ வண்டியில ஏத்தினாலோ பிபி ஒரேயடியா இறங்கிடும். என் ஆடு விழுந்தது அப்படித்தான்.

அதனால பாக்க வேண்டியது கண்ணு. ஆட்டைப் பதறாமப் பிடிச்சு வெளிச்சத்துல நிறுத்துங்க, கொட்டகை நிழல்ல பாத்தா எல்லா கண்ணும் ஒரே மாதிரிதான் தெரியும். மேல் இமையைக் கட்டைவிரலால மூடி மெதுவா உள்ள அமுக்குங்க, இன்னொரு கட்டைவிரலால கீழ் இமையை இறக்குங்க, உள்பக்கச் சதை பிதுங்கி வெளிய தெரியும், அந்த நிறத்தைச் சட்டுனு பாத்துடணும், ரொம்ப நேரம் பிடிச்சா தானே சிவந்துடும். தென்னாப்பிரிக்காவுல ஃபாஃபா மலான்ங்கிறவர் பேர்ல ஃபமாச்சான்னு ஒரு கலர் அட்டையே இதுக்கு இருக்கு, 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளை. 1, 2 இருந்தா விட்டுடுங்க. 4, 5 உடனே புழு மருந்து. 3-ன்னா குட்டியா, சினையா, பால் குடுக்குறதான்னு பாத்து முடிவு பண்ணுங்க. ரெண்டு கண்ணும் பாக்கணும், எது வெளுப்பா இருக்கோ அதுதான் கணக்கு. கண்வலி, தூசியால சிவந்த கண்ணு ஏமாத்தும், உண்ணியும் கல்லீரல் தட்டைப்புழுவும் கூட இதே மாதிரி வெளுக்க வைக்கும், அதை மறந்துடாதீங்க.

வெளுத்த ஆடா, அப்ப நாடி பாருங்க. பின்னந்தொடை உள்பக்கம் ரெண்டு விரல் வச்சா துடிக்கும், 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க, சும்மா நிக்கிற பெரிய ஆட்டுக்கு 70லிருந்து 90 வரைக்கும் சரி. அதைத் தாண்டி வேகமா, ஆனா நூல் மாதிரி மெலிசா துடிச்சு, காது சில்லுன்னு இருந்தா பிபி இறங்குதுன்னு அர்த்தம். ஈறை அமுக்கி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும்னு சொல்லுவாங்க, ஆனா ஏற்கனவே வெள்ளையா இருக்குற ஈறுல நிறம் திரும்புறது எங்க தெரியப் போகுது, நாடிதான் நம்பிக்கை. இந்த நிலையில ஆட்டை நடத்தாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க, தேவைப்பட்டா வேற ஆட்டு ரத்தம் ஏத்துவாங்க.

சாயங்காலம் மேய்ச்சல்ல இருந்து வர்றப்ப தாடைக்குக் கீழயும் ஒரு கண்ணு வைங்க. ரத்தத்தோட அதுல இருக்குற புரதமும் போயிடுது, தண்ணியைக் குழாய்க்குள்ள இழுத்து வைக்கிறதே அந்தப் புரதம்தான், அது குறைஞ்சா நீர் வெளிய கசியும், நாள் பூரா தலையைக் குனிஞ்சு மேயுறதால தாடையில வந்து தொங்கும். ராத்திரி தலை தூக்கிப் படுத்தா காலையில வத்திடும், அதான் காலையில பாக்குறவங்க வீக்கமே இல்லைன்னு சாதிப்பாங்க.

 

மருந்துக்கு வருவோம். எடை போட்டு டாக்டர் சொன்ன அளவு குடுங்க, கண்ணால மதிப்பு போட்டு குறைச்சுக் குடுத்தா புழு சாகாம மருந்துக்குப் பழகிடும். சினை பிடிச்ச முதல் மாசத்துல அல்பெண்டசோல் வேணாம். மொத்தப் பட்டிக்கும் ஒரே நாள்ல ஊத்தாதீங்க, வெளுத்ததுக்கு மட்டும் குடுத்தாலே மருந்து இன்னும் ரொம்ப நாள் வேலை செய்யும். குடுத்து 10-14 நாள் கழிச்சு புதுப் புழுக்கையை கவர்ல போட்டு கால்நடை ஆஸ்பத்திரியில புழு முட்டை எண்ணச் சொல்லுங்க, குடுக்குறதுக்கு முன்னாடி எண்ணிக்கையும் இருந்தாதான் ஒப்பிட முடியும். முட்டை பெருசா குறையலைன்னா மருந்தை மாத்தணும்.

மழைக்காலத்துல பனி ஈரம் காயாம மேய விடாதீங்க, குஞ்சுப்புழு ஈரத்துல புல்லு மேல ஏறும், தரையை ஒட்டின ரெண்டு அங்குலத்துலதான் அதிகம். நான் இப்ப அகத்திக் கொப்பை ஆட்டுத் தலை உயரத்துல கட்டித் தொங்க விடுறேன். புரதமும் கிடைக்குது, தரைப்புல்லு பக்கமே போறதில்ல. வெளுத்த கண்ணு திரும்ப சிவக்க வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் அந்த ஆட்டை யாரும் துரத்தக்கூடாதுன்னு வீட்டுப் பசங்களுக்கு சொல்லி வச்சிருக்கேன்.