மருந்து அடித்த தேதி இருக்கிறது, கரப்பான் இருந்த இடம் எங்கே? பள்ளிகளின் பூச்சிக் கட்டுப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி அலுவலகத்தில் பூச்சிக் கட்டுப்பாட்டுக் கோப்பைக் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு பில் கட்டு. மருந்து அடிக்கும் ஆள் எந்தத் தேதியில் வந்தார், எவ்வளவு பணம் கொடுத்தோம், யார் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். சமையலறையில் எந்த மூலையில் கரப்பான் இருந்தது, மருந்து அடித்தபின் குறைந்ததா என்று கேட்டால் பதில் வராது. செலவைத்தான் கண்காணிக்கிறோம், பூச்சியை விட்டுவிடுகிறோம். மற்றத் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில், பார்த்த பூச்சியைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 'சமையலறையில் பூச்சித் தொல்லை' என்று ஒருவர் எழுதி வைக்கிறார். இன்னொருவர், 'செவ்வாய் காலை 7.30, கழுவும் தொட்டிக்கு அடியில், குட்டிக் கரப்பான் 5, குழாய் சொட்டுகிறது' என்று எழுதுகிறார். இரண்டாவதைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அங்கே முதலில் வர வேண்டியவர் பிளம்பர் என்று தெரிந்துவிடுகிறது. குட்டிகள் கண்ணில் பட்டதால் பக்கத்திலேயே எங்கோ பெருகுகின்றன என்பதும் தெரிகிறது. தேதி, இடம், என்ன பூச்சி, எத்தனை, என்ன செய்தோம், மறுபடி எப்போது பார்த்தோம் என்று ஆறு கட்டங்கள் போதும். இதில் கடைசிக் கட்டம்தான் எல்லாப் பள்ளியிலும் காலியாகக் கிடக்கும்.

அந்த நோட்டு தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. பூச்சியை முதலில் பார்ப்பவர்கள் துப்புரவுப் பணியாளரும் சமையல்காரரும்தான். அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில், ஒரு பேனாவோடு, நோட்டு தொங்க வேண்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர் சொன்னால் வேறொருவர் எழுதிக்கொள்ளலாம். 'நீ சுத்தமாக வைக்காததால்தான் வந்தது' என்று ஒரு முறை திட்டிவிட்டால் போதும், அதன் பிறகு யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

பசை அட்டையைப் படிக்காமல் தூக்கிப் போடுவது

சுவரோரமாக வைக்கும் பசை அட்டையைப் பூச்சியைக் கொல்லும் சாதனம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கணக்கெடுக்கும் கருவி. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் கொடுத்து, வைத்த தேதியை மேலே எழுதி, கட்டடத்தின் வரைபடத்தில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை எண்ண வேண்டும்.

ஸ்டோர் ரூமில் ஓர் அட்டையை எடுத்துப் பார்க்கிறீர்கள். ஒன்பது கரப்பான்கள், அதில் ஏழு இடது ஓரத்திலேயே ஒட்டியிருக்கின்றன. அப்படியானால் அவை இடப்பக்கத்திலிருந்துதான் வருகின்றன. அங்கே என்ன இருக்கிறது? பழைய விடைத்தாள் கட்டுகளும், நான்கைந்து அட்டைப்பெட்டிகளும். அட்டைப்பெட்டியின் மடிப்புகளுக்குள் கரப்பான் ஒளிந்துகொள்ளும், அதன் பசையைத் தின்னும். பெட்டிகளை அப்புறப்படுத்திவிட்டுப் பொருட்களை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால், அடுத்த வாரம் அட்டையில் எண்ணிக்கை இறங்குவதைப் பார்க்கலாம். இறங்கவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது, இன்னும் தேட வேண்டும். ஒட்டியதை அப்படியே குப்பைக்கூடையில் போட்டிருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

எலிப் புழுக்கையும் இப்படித்தான். சுண்டெலியின் புழுக்கை அரிசி மணி அளவில், நுனி கூராக இருக்கும். பெரிய எலியுடையது ஒன்றரை, இரண்டு செ.மீ. வரை நீளும். புதியது ஈரப்பளபளப்போடு மெத்தென்று இருக்கும், பழையது சாம்பல் பூத்து உதிரும். பார்த்ததைக் குறித்துவிட்டுப் பெருக்கிவிடுங்கள். பெருக்காமல் விட்டால் அடுத்த வாரம் புதிது எது, பழையது எது என்று தெரியாது. பெருக்கும் முன் கிருமிநாசினி தெளித்து நனைத்துக்கொண்டால் தூசி மூக்கில் ஏறாது.

நாட்காட்டி பார்த்து மருந்து அடிப்பது

மாதம் ஒரு முறை, பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா வகுப்பறைக்கும் ஸ்ப்ரே. ஒப்பந்தத்தில் அப்படி இருப்பதால் செய்கிறார்கள். சிறு குழந்தைகள் தரையில் உட்காருகிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள், உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகம் காற்றை உள்ளிழுக்கிறார்கள். தேவையில்லாத இடத்தில் அடித்த மருந்து போய்ச் சேருவது அவர்களிடம்தான்.

அதனால் பலனாவது இருக்கிறதா? சமையலறைகளில் அதிகம் காணப்படும் ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். பெரும்பாலான ஸ்ப்ரே மருந்துகள் அந்தக் கூட்டைத் துளைத்து உள்ளே போவதில்லை. அன்றைக்கு ஓடியவை சாகும், சில வாரத்தில் அடுத்த தலைமுறை வரும். கரப்பானுக்கு இடுக்குகளில் புள்ளி புள்ளியாக வைக்கும் ஜெல் இரைதான் நல்லது. அதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. காலையில் ஜெல் வைத்துவிட்டு, மாலையில் அதே இடத்தில் ஸ்ப்ரே அடித்துவிடுவார்கள். ஸ்ப்ரே பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. இரண்டுக்கும் கொடுத்த பணம் வீண்.

கொசுவுக்குப் புகை அடிப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். பறப்பவை சாகும், தொட்டியில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும். அதன் முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரில் பல மாதம் உயிரோடு இருக்கும். எனவே தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஓட்டையை விட்டுவிட்டு விஷத்தைத் தேடுவது

ஒரு பென்சிலை எடுத்துக் கதவுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் சுண்டெலியும் நுழையும். அதற்கு 6 மி.மீ. இடைவெளி போதும். பெரிய எலிக்கு 12 மி.மீ. இருந்தால் சரி. கதவின் அடியில் ரப்பர் பட்டையும், குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் கம்பிவலையோடு சிமெண்டும் போட்டால் வேலை முடிந்தது. ஓட்டையை அடைக்க ஃபோம் மட்டும் அடித்தால் எலி கடித்துக்கொண்டு வந்துவிடும்.

விஷ இரையில் பெரும்பாலானவை ரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்தே எலியைக் கொல்லும். அது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போய்ச் செத்தால், அந்த நாற்றத்தில் இரண்டு வாரம் அங்கே பாடம் நடக்காது. கட்டடத்துக்குள் பொறியே நல்லது. இரை வைத்தே ஆக வேண்டுமென்றால், பூட்டுள்ள பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் எண்ணை வரைபடத்தில் குறித்து, வைத்த எண்ணிக்கையும் திரும்ப எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கிவந்து தாங்களே வைப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி பேஸ்ட் கல்லீரலைச் செயலிழக்க வைக்கும், அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவை விடும், அது அடுத்த அறைக்கும் பரவும். சாதுவாகத் தெரியும் அந்துருண்டையும், ஜி6பிடி நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. பூச்சிமருந்துக்கும் சமையல் பொருளுக்கும் ஒரே அறை, ஒரே அலமாரி, மறுபடி பயன்படுத்தும் காலி டப்பா எதுவும் கூடாது.

எதை அடித்தார்கள் என்று தெரியாமல் இருப்பது

குழந்தைக்கு மயக்கம், வாந்தி என்று ஓடினால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, 'என்ன மருந்து?' அதற்குப் பள்ளியின் பதில் 'கரப்பான் மருந்து' என்று இருக்கக் கூடாது. மருந்தின் பெயர், அதிலுள்ள வேதிப்பொருள், எவ்வளவு கலந்தார்கள், எந்தெந்த அறை, எத்தனை மணிக்கு என்பது நோட்டில் இருக்க வேண்டும். லேபிளை போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பள்ளியில் மருந்து அடிக்கும் இடத்தில், அடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பிருந்து, அடித்து 72 மணி நேரம் ஆகும் வரை எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவுகளை 4 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் சொல்லாத இடத்திலும் இதைச் செய்யத் தடையில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காவது முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நீண்ட விடுமுறை. ஒரு மாதம் தண்ணீர் போகாத கழிவறையில் தரைத்துளையின் வளைவில் தேங்கி நிற்கும் நீர் ஆவியாகிவிடும். கரப்பானைத் தடுத்து வைத்திருந்தது அந்தக் கையளவு நீர்தான். பள்ளி திறக்கும் நாளன்று சாக்கடைக் கரப்பான் மொத்தமும் உள்ளே இருக்க, அவசரமாக ஆளைக் கூப்பிட்டு எல்லா அறையிலும் மருந்து அடிப்பார்கள். விடுமுறையிலும் வாரம் ஒரு முறை காவலாளி ஒவ்வொரு துளையிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, ஊற்றியதை நோட்டில் எழுதட்டும். திறப்பதற்குப் பத்து நாள் முன்பு பசை அட்டைகளைப் புதிதாக வைத்தால், எந்த அறைக்கு ஆள் தேவை என்பது திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.