வீட்டருகே காணும் சாலமாண்டரை அடையாளம் காணும் முறை

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மரங்கள் அடர்ந்த தோட்டத்தில் கிடக்கும் பழைய கட்டையைப் புரட்டினால் பல்லி போன்ற ஒரு சிறு உயிர் நெளிந்து ஒளிவதைக் காணலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சாலமாண்டரே கிடையாது என்பதால், டொராண்டோவில் குடியேறிய நம்மவர்கள் அதைப் பல்லி என்றே நினைத்துவிடுவது இயல்பு.

படி 1: பல்லியா என்று பாருங்கள். பல்லிக்குச் செதிலும் நகமும் உண்டு. சாலமாண்டருக்கு இரண்டும் இல்லை, செவித்துளையும் இல்லை. அது தவளையின் உறவு.

படி 2: தேடும் காலம். ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மழை பெய்து மண் குளிர்ந்திருக்கும்போது தேடுங்கள். கட்டையை உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் பாம்பு இருந்தால் அது எதிர்ப்புறம் விலகிச் செல்ல வழி கிடைக்கும்.

படி 3: கையை நனைத்துக்கொள்ளுங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். தோட்டங்களில் அதிகம் தென்படும் செம்முதுகுச் சாலமாண்டருக்கு நுரையீரலே இல்லை. ஈரத் தோலின் வழியாகவும் வாயின் உட்புறத்தின் வழியாகவுமே அது சுவாசிக்கிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும் என்பதோடு, கையிலுள்ள கொசுவிரட்டியும் கிருமிநாசினியும் அந்தத் தோல் வழியே உடலுக்குள் சென்றுவிடும். தொடாமல் பார்ப்பதே நல்லது.

படி 4: அடையாளங்களை ஒப்பிடுங்கள். உடல் 6 முதல் 10 செ.மீ. நீளத்தில் ஒல்லியாக இருந்து, கழுத்திலிருந்து வால்வரை செங்கல் நிறப் பட்டை ஓடினால், அது செம்முதுகு. பட்டை இல்லாமல் முழுவதும் சாம்பல் நிறமாக இருப்பதும் இதே இனத்தில் உண்டு என்பதால், முதுகை மட்டும் நம்பாமல், உப்பும் மிளகும் தூவியதுபோல் புள்ளியிட்ட வயிற்றையும் பாருங்கள். பின்காலில் ஐந்து விரல்கள் இருக்கும். நான்கு மட்டும் இருந்து, வாலின் அடி இறுகிச் சுருங்கியிருந்து, வெள்ளை வயிற்றில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது நால்விரல் சாலமாண்டர்.

கறுத்த, தடித்த உடலில் இரண்டு வரிசை மஞ்சள் புள்ளிகள் இருந்தால் அது புள்ளிச் சாலமாண்டர், 15 செ.மீ.க்கு மேல் வளரும் இது, வசந்தத்தின் முதல் மழையிரவுகளில் முட்டையிடக் குட்டைகளை நோக்கி நடக்கும். சொரசொரப்பான தோலுடன் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பகலிலேயே உலவுவது நியூட் என்ற சாலமாண்டர் வகையின் இளம்பருவம். அதன் தோலில் நஞ்சு உண்டு. தொட நேர்ந்தால் கையை நன்கு கழுவுங்கள்.

இவை எண்ணிக்கையில் அற்பமானவை அல்ல. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பர்டு புரூக் காட்டில் நடந்து 1975-இல் வெளியான ஆய்வில், சாலமாண்டர்களின் மொத்த எடை அங்குள்ள பறவைகளின் எடையை மிஞ்சியது.

படி 5: படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். அருகில் ஒரு நாணயத்தை வைத்து, முதுகையும் பக்கவாட்டையும் எடுங்கள். வாலைப் பிடிக்க வேண்டாம், அது கழன்றுவிடும். கோடையில் முட்டைக்கொத்தைச் சுற்றி ஒரு தாய் சுருண்டிருப்பதைக் கண்டால், படம்கூட வேண்டாம், உடனே மூடிவிடுங்கள். மற்ற வேளைகளில் முதலில் கட்டையை இருந்த இடத்திலேயே பதித்து, பிறகு சாலமாண்டரை அதன் ஓரத்தில் விடுங்கள். அது தானே உள்ளே ஊர்ந்துவிடும்.