பழைய பேப்பரில் 'கூடாது' என்று கண்டால் உடனே தடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

ஊர் வரலாறு, குடும்ப வரலாறு, கோவில் வழக்கு என்று எதையாவது தேடிப் பழைய தமிழ்ச் செய்தித்தாள்களைப் புரட்டுகிறவர்கள் கேரள எல்லையை ஒட்டிய நாகர்கோவில், மார்த்தாண்டம், செங்கோட்டைப் பக்கம் இருக்கிறார்கள், நல்ல விஷயம். அக்கிராசனர், பிரஸ்தாபம் என்று வந்தால் அகராதியைத் திறக்கிறார்கள். ஆனால் 'கூடு' மாதிரி தினமும் புழங்குகிற வினையை யாரும் நின்று பார்ப்பதில்லை, அங்கேதான் செய்தியே தலைகீழாகிறது.

பெரிய தவறு 'கூடாது'தான். இன்றைக்கு அது நமக்குத் தடை. நூறு வருஷத்துக்கு முந்தைய நடையில் 'இயலாது' என்ற பொருளும் அதற்கு உண்டு. 'குழித்துறை ஆற்றில் வெள்ளம் வந்தபடியால் தபால் கொண்டுபோகக் கூடாமற்போயிற்று' என்று ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள் (அந்த நடையைக் காட்ட நானே எழுதியது). தபாலை யாரும் தடுக்கவில்லை, கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவுதான். 'தலைவர் ஜுரத்தால் வரக்கூடவில்லை' என்பதும் அப்படியே. இதைத் தடை என்று படித்துப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால் இல்லாத அதிகாரி ஒருவர் போடாத உத்தரவு ஒன்று வரலாறாகிவிடும், அப்புறம் அதை அழிப்பது லேசில்லை.

சிக்கல் என்னவென்றால், நம் ஊர்கள் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நிஜமான தடைகளும் இருந்தன. 1924இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியதே கோவிலைச் சுற்றிய தெருவில் சில சாதியார் நடக்கக் கூடாது என்றிருந்ததால்தான். அதனால் எல்லாக் 'கூடாது'வையும் 'முடியாது' என்று மாற்றிவிடவும் கூடாது. முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள்: வெள்ளம், காய்ச்சல், பணமில்லாமை என்று காரணம் நின்றால் பெரும்பாலும் இயலாமை; உத்தரவு, சர்க்கார், வழக்கம் என்று வந்தால் தடை. சந்தேகம் தீரவில்லையா, அடுத்தடுத்த நாள் இதழ்களில் அதே செய்தியின் தொடர்ச்சியைத் தேடுங்கள், ஒற்றை வாக்கியத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

'கூடும்' என்பதிலும் இதே வழுக்கல். இன்று 'மழை வரக்கூடும்' என்றால் ஊகம். பழைய நடையில் 'செய்யக்கூடும்' என்பது 'செய்ய முடியும்' என்ற உறுதியாகவும் இருக்கலாம். 'கூடியவரை', 'கூடிய சீக்கிரம்' என்று நாம் இன்னும் சொல்வதில் அந்தப் பழைய பொருள்தான் மிச்சம் இருக்கிறது.

விலை கூடியது என்றால் ஏறியது, இதில் எல்லைப்பக்கத்துக்காரர்களுக்குக் குழப்பமே வராது. ஆனால் எத்தனை சக்கரம் (திருவிதாங்கூர்ச் சில்லறைக் காசு) கூடியது என்று கணக்குப் போடும்போது திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம் என்பதை மறந்துவிட்டு, பிரிட்டிஷ் ரூபாயின் 16 அணாக் கணக்கில் போய்விடாதீர்கள்.

நமக்கென்றே வரும் தவறு கல்யாணச் செய்தியில். 'கல்யாணம் கூடான் போயி' என்று மலையாளத்தில் கேட்டுக் கேட்டு, 'கல்யாணம் கூடிற்று' என்று தமிழில் பார்த்ததும் யாரோ கல்யாணத்தில் கலந்துகொண்டார் என்று மனசு ஓடுகிறது. தமிழில் அது சம்பந்தம் அமைந்தது என்பது. மாறாக, மலையாள வாடை அடிக்கும் பத்தியில் 'அதுகூடாதே' என்று வந்தால் 'அது வேண்டாம்' என்று படிக்காதீர்கள், மலையாளத்தில் அதற்கு 'அதைத் தவிர' என்று பொருள்.

வழக்குச் செய்தியில் 'இன்னாரோடு கூடி' என்றால் பக்கத்தில் நின்றார் என்பது மட்டுமல்ல, உடந்தை என்பதும் உண்டு. இதைப் பேரன் பேத்திகள் படிக்கும் குடும்ப வரலாற்றில் எழுதுமுன் தீர்ப்பு என்ன ஆனது என்று கண்டிப்பாகப் பாருங்கள்.

இந்தப் பொருள்களெல்லாம் பத்திரிகைக்காரர்கள் புதிதாக உண்டாக்கியவை அல்ல. குறளில் 83ஆம் அதிகாரம் 'கூடாநட்பு'. கொள்ளக்கூடாத நட்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம். பரிமேலழகர் சொல்வது வேறு: உள்ளத்தால் கூடாமல், வெளியே மட்டும் கூடி ஒழுகுகிறவர்களின் நட்பு.