பழைய டிவியில் ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. போர்ட்டா?

டிவியை மாற்ற வேண்டாம், மூன்று வழி எச்.டி.எம்.ஐ. ஸ்விட்ச் ஒன்று வாங்கி மாட்டுங்கள். செட்டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக், லேப்டாப் மூன்றும் செருகியபடியே இருக்கும். பட்டனை அமுக்கினால் வேண்டியது திரையில் வரும்.

ஸ்விட்ச் படத்தை மாற்றுவதில்லை, மூன்றில் ஒன்றை அப்படியே டிவிக்கு அனுப்புகிறது. அதனால் தெளிவு குறையாது. சிறிய ஸ்விட்ச்சுகள் பலவும் தமக்கு வேண்டிய கரண்டை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஃபயர் ஸ்டிக்குக்கு அதன் அடாப்டர் தனியாக வேண்டும். அடிக்கடி பிடுங்கிச் செருகாததால் டிவியின் போர்ட்டும் தளராது. சுவரோடு ஒட்டி மாட்டிய டிவி என்றால் இதுவே பெரிய நிம்மதி.

திருநெல்வேலி ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ கடையில் கேட்கும்போது ‘ஸ்விட்ச்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். ஸ்பிளிட்டரும் பார்க்க அப்படியே இருக்கும், வேலை நேர் எதிர்: ஒரு பாக்ஸின் படத்தைப் பல டிவிகளுக்குப் பிரிக்கும். பெட்டியைத் திருப்பி, மூன்று ‘இன்’, ஒரு ‘அவுட்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டைகள் மட்டுமே உள்ள டப்பா டிவிக்கு ஸ்விட்ச் மட்டும் உதவாது. அதற்கு எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றும் கன்வெர்ட்டரும் வேண்டும். அப்போதும் படம் சுமார்தான், லேப்டாப்பின் சின்ன எழுத்துகளைப் படிக்க முடியாது. சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் சரி.