அறிவுசார் குறைபாடு உள்ளோருடன் சேர்ந்து செயலி வடிவமைக்கும் முறை

செயலியை எழுதி முடித்து, வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் ஒரு சிறப்புப் பள்ளிக்குச் சென்று நான்கைந்து பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதைப் பல குழுக்கள் பங்கேற்பு என்று எண்ணுகின்றன. அந்தக் கட்டத்தில் எழுத்தின் அளவையோ பொத்தானின் நிறத்தையோ மாற்றலாமே தவிர, செயலி எந்தத் தேவைக்கானது, அதில் எத்தனை படிகள் இருக்க வேண்டும் என்பவற்றை மாற்ற இயலாது. எனவே முதல் திரையை வரைவதற்கு முன்பே அறிவுசார் குறைபாடு உள்ளோரை அழையுங்கள். இது சலுகையன்று. இந்தியா 2007-இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளை எடுக்கும்போது அவர்களையே கலந்தாலோசித்து, தீவிரமாக ஈடுபடுத்த வேண்டும் என்று அரசுகளைக் கடமைப்படுத்துகிறது.

இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறைகளைப் பின்பற்றினால் போதாதா என்று மென்பொருளாளர்கள் கேட்பதுண்டு. மிக உயர்ந்த நிலையில் இணங்கும் உள்ளடக்கமும் எல்லோருக்கும் எட்டிவிடாது, குறிப்பாக அறிதல், மொழி, கற்றல் சார்ந்த தேவைகளில் எட்டாது என்று அந்த நெறிமுறைகளே ஒப்புக்கொள்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பச் செயலியைப் பயன்படுத்தப்போகிறவர்களே வேண்டும்.

ஒப்புதல் பெறுவதில் அவசரம் கூடாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், பதினெட்டு வயதைக் கடந்தவருக்கும் பாதுகாவலர் நியமிக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய பாதுகாவலரின் கையொப்பத்தைப் பெறுங்கள். ஆனால் அது சம்பந்தப்பட்டவரின் விருப்பத்துக்கு மாற்றாகாது. ஒரு தாளில் ஒரு செய்தி, அதற்கு ஒரு படம் என்று அமைத்து, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், யார் பார்ப்பார்கள் என்பதை அவரிடமே சொல்லுங்கள். நிறுத்த விரும்பினால் தூக்கிக் காட்டச் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, வேலை தொடங்கும் முன்பே ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கைப்பேசியைத் தள்ளி வைப்பதும்கூட மறுப்புத்தான்.

அமர்வின்போது கேள்விகளைக் குறைத்து, செய்து காட்டச் சொல்லுவதே சிறந்தது. ஒன்றுக்கொன்று எதிரான இரு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று விடையளிக்கும் போக்கு இவர்களிடையே மிகுந்திருப்பதை 1981-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதிகாரம் உள்ளவராகத் தோன்றும் ஒருவர் "புரிந்ததா? பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், அவரை மகிழ்விக்கவே "ஆம்" என்ற சொல் எளிதாக வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு திரையையும் தனித் தாளில் வரைந்து மேசையில் வைத்து, "அக்காவுக்கு ஐம்பது ரூபாய் அனுப்புங்கள்" என்று பங்கேற்பவரிடம் ஒரே ஒரு வேலையைச் சொல்லி, அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். அவர் தொட்டதற்குரிய அடுத்த தாளை நீங்கள் எடுத்து வையுங்கள். விரல் ஓரிடத்தில் தயங்கி நின்றால் உடனே உதவாமல், மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். வடிவமைப்பாளருக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

இத்தகைய தயக்கத்துக்கு ஓடிபி எண் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. திரையின் மேற்பகுதியில் குறுஞ்செய்தி சில நொடிகள் தோன்றி மறைகிறது; அதைத் தேடி வேறொரு செயலிக்குள் சென்று, ஆறு இலக்கங்களை நினைவில் வைத்துக்கொண்டு திரும்புவதற்குள் நேரம் முடிந்து, பழைய திரை முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. நான்கு இலக்கங்கள் வரை சரியாக இட்டு அங்கேயே நின்றுவிட்ட ஒருவரைப் பார்த்தவர் எவரும், கவனக்குறைவு என்று அவர்மீது பழி சொல்லமாட்டார். 2023-இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, உள்நுழைவதற்கு மனப்பாடத்தையோ எண்ணைப் பார்த்து எழுதுவதையோ மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று இணக்கத்தின் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள இரட்டை ஏ நிலையிலேயே கேட்கிறது. எண் தானாக நிரம்பும்படியோ, ஒட்ட முடியும்படியோ அமைத்தாலே அந்த நிபந்தனை நிறைவேறிவிடும்.

உடன் வரும் பெற்றோரையோ சிறப்பாசிரியரையோ பக்கவாட்டில், சற்றுப் பின்னால் அமரச் செய்யுங்கள். பங்கேற்பவரின் சைகையையும் பேச்சையும் உங்களுக்கு விளக்குவதே அவர்கள் பணி. அவருக்காக விடை சொல்வது அன்று. அன்பினால் முந்திக்கொள்ளும் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே, மனம் நோகாதபடி சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் கருத்தும் மதிப்புள்ளதே என்பதால், அதைக் கேட்கத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

ஓர் அமர்வு அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். திருத்திய தாள்களுடன் அதே மனிதர்களிடம் மீண்டும் செல்லுங்கள். பழைய திரையையும் புதிய திரையையும் அருகருகே வைத்து, அவர் தயங்கிய இடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று காட்டுங்கள். மாற்ற முடியாமற்போனதையும் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஊதியம் பற்றி ஒன்று. மற்ற ஆலோசகர்களுக்குக் கொடுக்கும் அதே விகிதத்தில் இவர்களுக்கும் கொடுங்கள். இனிப்புப் பெட்டியும் சான்றிதழும் ஊதியம் ஆகா. பலரது வங்கிக் கணக்கைப் பாதுகாவலரே இயக்குவதால், பணத்தை எவ்வாறு பெற விரும்புகிறார் என்பதைப் பங்கேற்பவரையே கேட்டு, முதல் அமர்வுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.