கணித செமினார்: பேசுபவரும் கேட்பவரும் செய்யும் தவறுகள்

வடசென்னையில் எந்தக் கல்லூரியின் கணிதத் துறையில் செமினார் நடந்தாலும் ஹாலில் மூன்று விதமான ஆட்கள் இருப்பார்கள். முன் வரிசையில் பேராசிரியர்கள். பேசுபவரின் ஆராய்ச்சிப் பகுதியையே சேர்ந்தவர் அவர்களில் ஒருவர் இருந்தாலே அதிகம். நடுவில் பிஎச்.டி. ஸ்காலர்களும் கெஸ்ட் லெக்சரர்களும். பின்னால் எம்.எஸ்சி. மாணவர்கள், சில சமயம் மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி.யும். அட்டெண்டன்ஸுக்காக வந்தவர்கள் பாதி, ஏதாவது புரியுமா என்று பார்க்க வந்தவர்கள் பாதி. பேச வருபவர்களின் பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: முன் வரிசையில் இருக்கும் அந்த ஒருவருக்காகவே பேச்சைத் தயாரிப்பது. அவருக்கு உங்கள் கட்டுரையின் பிரதியைக் கொடுத்தால் போதும், படித்துக்கொள்வார். மற்ற அறுபது பேரும் அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் வந்திருக்கிறார்கள்.

இதிலிருந்து கிளைப்பதுதான் வரையறை மழை. முதல் ஸ்லைடில் நான்கு வரையறை, அடுத்ததில் ஐந்து, அதன்பின் 'நோட்டேஷன்' என்று ஒரு பக்கம். இருபது நிமிடம் போயிருக்கும். கேள்வி என்ன என்று யாருக்கும் தெரிந்திருக்காது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் நிறையப் பேர் வேலை செய்கிற கிராஃப் லேபிளிங்கையே, அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படத்துக்கு ஒரு விதிப்படி எண் கொடுப்பதையே, எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை கிராஃபுக்கு இந்த லேபிளிங் உண்டு, அந்த வகைக்கும் உண்டு என்று முடிவுகள் வரிசையாக வரும். எதற்காக இதைத் தேடுகிறார்கள் என்பது மட்டும் வராது. அதற்குப் பதில் பலகையில் நான்கு புள்ளிகளை ஒரே கோட்டில் இணைத்து, வரிசையாக 0, 3, 1, 2 என்று எண்களை எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம் 3, 2, 1. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இரண்டு முறை வரவில்லை. எந்த மரத்தை, அதாவது வளையம் எதுவும் இல்லாமல் கிளை கிளையாகப் பிரியும் தொடர்ச்சியான கிராஃபை, எடுத்தாலும் இப்படி எண் கொடுக்க முடியுமா? 1967இல் ரோசா என்ற கணிதவியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கேள்வி இது. பொதுவான விடை இன்னும் கிடைக்கவில்லை. இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். பின் வரிசைப் பையன் அதற்குள் நோட்டில் தானே ஒரு மரம் வரைந்து முயற்சி செய்ய ஆரம்பித்திருப்பான். அதற்கப்புறம் நீங்கள் எந்த வரையறையைச் சொன்னாலும் அது எதற்கு என்று அவனுக்குத் தெரியும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு: ராமானுஜன் ஸ்லைடு. பேச்சு ஃபஸ்ஸி கணங்களைப் பற்றியதாக இருக்கும், வரிசைக் கோட்பாட்டைப் பற்றியதாக இருக்கும். ஆனாலும் முதல் ஸ்லைடில் ராமானுஜன் படம், துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம், 1913இல் இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம், அப்புறம் 1729 என்ற அந்தப் புகழ்பெற்ற எண். ஜார்ஜ் டவுனில் குடியிருந்து, இதோ பக்கத்துத் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர் என்ற பெருமை நமக்கு இருக்கத்தான் செய்யும். ராயபுரத்தில் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகமே இருக்கிறது. இந்தக் கதையெல்லாம் அங்கே விரிவாகக் கிடைக்கும், மாணவர்களை அழைத்துக்கொண்டு போகலாம். செமினாரில் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுப்பது வீண். உங்கள் விஷயத்துக்கும் ராமானுஜனுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருந்தால், அவருடைய வாழ்க்கையை விட்டுவிட்டு அவருடைய கணிதத்தைக் காட்டுங்கள்.

உதாரணத்துக்கு, 4 என்ற எண்ணைக் கூட்டல்களாகப் பிரிப்பது. 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து வழிகள். 9ஐப் பிரிக்க 30 வழிகள், 14க்கு 135, 19க்கு 490. 4, 9, 14, 19 என்று ஐந்து ஐந்தாகத் தாண்டிப் போனால் வழிகளின் எண்ணிக்கை எப்போதும் ஐந்தால் வகுபடுகிறது. கணிதவியலாளர் மக்மஹோன் போட்ட அட்டவணையைப் பார்த்து ராமானுஜன் இதைக் கவனித்தார், 1919இல் நிரூபணமும் கொடுத்தார். இங்கே நிறுத்தி அவையைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: ஐந்தால் வகுபடுகிறது என்றால், அந்த வழிகளை ஐந்து சம குவியலாகப் பிரித்துக் காட்ட முடியுமா? 1944இல், இளைஞராக இருந்த ஃப்ரீமன் டைசன் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பிரிப்பிலும் மிகப் பெரிய எண்ணிலிருந்து, அதில் மொத்தம் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதைக் கழியுங்கள். நமது ஐந்து வழிகளுக்கும் முறையே 3, 1, 0, −1, −3 கிடைக்கும். ஐந்தால் வகுத்த மீதியாக எழுதினால் 3, 1, 0, 4, 2. ஒவ்வொரு மீதியும் சரியாக ஒருமுறை! இந்த வரிசையில் எந்த எண்ணை எடுத்தாலும் இப்படி ஐந்து சம குவியல் கிடைக்கும் என்று ஆட்கினும் ஸ்வின்னர்டன்-டயரும் 1954இல் நிரூபித்தார்கள். ஏழால் வகுபடும் இதே மாதிரி வரிசைக்கும் இந்த வித்தை பலிக்கிறது, 11ஆல் வகுபடும் வரிசைக்குப் பலிக்கவில்லை. அதற்குத் தேவைப்பட்ட வேறொரு அளவை ஆண்ட்ரூஸும் கார்வனும் 1988இல்தான் கண்டுபிடித்தார்கள். பதினைந்து நிமிடத்தில் இவ்வளவையும் சாக்பீஸோடு சொல்லிவிடலாம். 11 ஏன் முரண்டு பிடிக்கிறது என்ற இடத்தில் பேராசிரியரும் நிமிர்ந்து உட்காருவார்.

நிரூபணத்தை முழுதாகச் செய்தே தீருவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். ஆறு லெம்மாவில் (நிரூபணத்துக்கு வேண்டிய துணை முடிவுகளில்) ஒன்றில்தான் புது யோசனை இருக்கும். அதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள், மற்றவை கட்டுரையில் இருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

ஸ்லைடா, பலகையா என்ற சண்டையில் நான் பலகைப் பக்கம். கையால் எழுதும்போது வேகம் தானாகக் குறைகிறது. ஸ்லைடுதான் வேண்டும் என்றால் கட்டுரையை அப்படியே வெட்டி ஒட்டாமல் இருங்கள். லேப்டாப்புக்கும் ப்ரொஜெக்டருக்கும் ஒத்துவரும் கேபிள் இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பலகையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில் விளக்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே ஏராளம்.

நேரம். ஐம்பது நிமிடம் கொடுத்தால் நாற்பதுக்குத் தயாரியுங்கள். பிந்திவிட்டால் எதை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் பதினைந்து ஸ்லைடை ஓட்டிக் காட்டுவதால் ஸ்லைடுகளின் எண்ணிக்கை மட்டும்தான் அவைக்குத் தெரியும்.

இதில் பேசுபவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பதினோரு மணி செமினாரில் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முதல்வர் வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ எல்லாம் முடிந்து பேச்சு தொடங்கும்போது பதினொன்றே முக்கால் ஆகிவிடுகிறது. வாரந்தோறும் நடக்கும் செமினாருக்கு இது எதுவும் வேண்டாம். பெயரையும் தலைப்பையும் சொல்லி உட்கார்ந்தால் போதும். ஷிப்ட் முறை உள்ள கல்லூரியில் பேச்சு ஒரு மணியைத் தாண்டினால் காலை ஷிப்ட் மாணவர்கள் கிளம்பிவிடுவார்கள், அவர்களுக்கு வேலைக்குப் போக வேண்டியிருக்கும். தெற்கே தரமணியிலிருந்தோ சிறுசேரியிலிருந்தோ ஒருவரை அழைத்தால், மெட்ரோ இப்போது விம்கோ நகர் வரை வருகிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். காரில் வந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். நவம்பரில் வைத்தால் மழையையும் யோசியுங்கள், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பி நேரம் குறிக்கக் கூடாது. அழைப்பிதழில் தலைப்பு மட்டும் போடாமல் நான்கு வரிச் சுருக்கமும், என்ன தெரிந்திருந்தால் போதும் என்ற குறிப்பும் போடுங்கள்.

கேட்பவர்களின் பெரிய தவறு மௌனம். ஒரு குறியீடு புரியாவிட்டால் அது வந்த அந்த நொடியே "சார், அந்த n எது?" என்று கேட்டுவிட வேண்டும். முடிவில் கேட்கலாம் என்று காத்திருந்தால் நடுவில் நாற்பது நிமிடம் பாழ். இன்னொரு வகை, கேள்வி என்ற பெயரில் தன் கட்டுரையை விவரிப்பது. அதை வெட்டத்தான் தலைமை தாங்குபவர் இருக்கிறார். அவரோ பல இடங்களில் மாணவர் கேள்வியைத்தான் வெட்டுகிறார், நேரமாகிவிட்டது என்று. முதல் இரண்டு கேள்வி மாணவர்களுக்கு என்று துறையில் முடிவு செய்துவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. பதில் தெரியாத கேள்வி வந்தால் பேசுபவர் "தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். பெரிய பெரிய ஆட்களே சொல்வதுதான்.

பேச்சு முடிந்ததும் பலகையை அழிக்க ஓடாதீர்கள், போட்டோ எடுக்கட்டும், சந்தேகம் கேட்பவர்கள் அங்கேயே வந்து நிற்பார்கள். டீ, சமோசாவை அதே ஹாலுக்கு வரவழைத்தால் கூட்டமும் கலையாது. வந்தவரின் பயணப்படி பில்லில் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ரசீதை அனுப்புங்கள் என்று மெயில் போட்டால் அடுத்த முறை அழைக்கும்போது அவருக்கு வேறு வேலை இருக்கும்.