அரபு நாடுகளின் அகழாய்வில் யூத ஆய்வாளர் இடம்பெறும் வழி

அரபு நாடொன்றில் அகழாய்வில் பங்கேற்க விரும்பும் யூத ஆய்வாளர், எதிரில் நிற்கும் தடை தம் சமயத்தால் வந்ததா, குடியுரிமையால் வந்ததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அமெரிக்கரான நெல்சன் குளூக் யூத சமயகுரு. ஆனாலும் 1930களிலும் 40களிலும் டிரான்ஸ்ஜோர்டான் (இன்றைய ஜோர்டான்) முழுவதும் கள ஆய்வு செய்து, 1937இல் கிர்பெத் எத்-தன்னூரில் பண்டைய அரபு இனத்தாரான நபாத்தியரின் கோயிலை அகழ்ந்தார். 1948 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் அந்த நிலத்துக்குப் போக வழியின்றி, 1952 முதல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். சமயமே தடையாக நின்றதும் உண்டு: ஜோர்டான் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெருசலேமில் 1950களில் சாக்கடல் சுருள்கள் எனப்படும் பண்டைய யூதச் சுவடிகளைப் பதிப்பிக்க அமைந்த குழுவில், அவற்றுள் பெரும்பாலானவை எபிரேய மொழியில் இருந்தும், யூதர் ஒருவர்கூடச் சேர்க்கப்படவில்லை.

அடுத்து, இஸ்ரேல் சென்றுவந்த தடயம் உள்ளதா எனக் கடவுச்சீட்டைப் பாருங்கள். இஸ்ரேல் இப்போது விமான நிலையத்தில் முத்திரை குத்தாமல் தனித்தாள் தருகிறது. ஆனால் இஸ்ரேலை ஒட்டிய தாபா போன்ற நிலவழி எல்லையில் எகிப்து இடும் முத்திரையே இஸ்ரேல் பயணத்தைக் காட்டிவிடும். லெபனானில் அதுவே நுழைவை மறுக்கப் போதுமானது.

அகழாய்வு அனுமதி தனியாளுக்கன்றி நிறுவனத்துக்கே கிடைக்கும் என்பதால், அந்நாட்டில் ஏற்கெனவே பணிபுரியும் பல்கலைக்கழகக் குழுவொன்றில் உறுப்பினராகச் சேர்வதே நடைமுறைக்கு ஏற்ற வழி. எகிப்தில் ஒவ்வோர் உறுப்பினரின் விவரமும் பாதுகாப்புச் சரிபார்ப்புக்குப் போகும்; ஆகவே பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். பின்னர் அது வெளிப்பட்டால் நீங்கள் ஊர் திரும்பிவிடலாம், உங்களை அழைத்த உள்ளூர் ஆய்வாளரோ அங்கேயே விசாரணையை எதிர்கொள்ள நேரும்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் ஆய்வு நின்றுவிட வேண்டியதில்லை. சிரியாவில் 1932இல் வெளிப்பட்ட தூரா-யூரோப்போஸ் என்ற பண்டைய நகரின் யூதத் தொழுகைக்கூடத்தின் சுவரோவியங்கள் டமாஸ்கஸில் இருக்க, அகழாய்வுப் பதிவுகள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்துச் சுவடி அறையான கெனிசாவின் ஏறத்தாழ 1,93,000 ஏட்டுத்துண்டுகள் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. அவற்றின் படங்களை இணையத்திலேயே படிக்கலாம்.

களத்தில் இறங்க வாய்த்தவர்களிடம் நான் வலியுறுத்திக் கேட்பது ஒன்று: உடன் உழைத்த உள்ளூர் மக்களின் பெயர்களை, அவர்கள் இசைந்தால், முதல் அறிக்கையிலேயே எழுதுங்கள். 1870இல் பிரெஞ்சு யூத அறிஞர் ஜோசப் அலேவி ஏமனிலிருந்து 686 கல்வெட்டுப் படிகளுடன் திரும்பினார். அவருக்கு வழிகாட்டி, பல கல்வெட்டுகளைத் தம் கையாலேயே படியெடுத்தவர் சனாவைச் சேர்ந்த யூதச் செப்புக்கொல்லர் ஹயீம் ஹப்ஷூஷ். அலேவியின் அறிக்கையில் அவருக்கு இடமில்லை. இருபதாண்டுகளுக்கும் மேலான பின், ஏமனை ஆராய்ந்த எட்வர்ட் கிளாசர் கேட்டுக்கொண்டதால், ஹப்ஷூஷ் தாமே அந்தப் பயணத்தை எழுதிவைக்க வேண்டியிருந்தது.